மரத்தின் முதுகு

முதல் மரத்தின் பின்பக்கத்தில் மஞ்சள் குறி இருந்தது. இருக்கக் கூடாது.

மஞ்சக்கை தோள்பையைத் தரையில் இறக்கிவிட்டு மரத்தை இன்னொரு சுற்று சுற்றி வந்தான். ஊரைப் பார்த்த பக்கத்தில் ஒரு குறி. அது ஆறு மாதத்துக்கு முன்னால் மச்சான் போட்டது, வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. காட்டைப் பார்த்த பக்கத்தில் இன்னொன்று. உள்ளங்கை அகலம், ஒரு சாண் உயரம், கண் மட்டத்தில், நாலு மூலையும் பிசிறில்லாமல். அந்தப் பக்கத்துக் குறியைப் போட வேண்டியவன் அவன். அவன் போடவில்லை. இது அவனைத் தவிர இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. போடாததை இன்றைக்குப் போட்டுவிடலாம் என்றுதான், பல் டாக்டரிடம் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு டின் பெயின்ட், ஒரு பிரஷ், ஒரு பொட்டலம் சாம்பல் எல்லாம் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் வந்திருந்தான். சாம்பல் எதற்கென்றால், புதுப் பெயின்ட் மேல் அதைத் தேய்த்தால் ஆறு மாதம் பழசாகத் தெரியும். இந்த மாதிரி காரியங்களில் அவனுக்கு மூளை நன்றாகவே வேலை செய்யும்.

அவனுக்கும் மச்சானுக்கும் ஒரே வேலை. பொழுதுபோக்காக நடக்க வருகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக, நடைப்பாதைச் சங்கத்தின் பாதைகளில் மரத்துக்கு மரம் குறி போடுவது. விதி ரொம்பச் சின்னது. ஒரு குறியின் பக்கத்தில் நின்றால் அடுத்த குறி கண்ணில் பட வேண்டும். போகிறவனுக்கு ஒரு முகம், திரும்பி வருகிறவனுக்கு ஒரு முகம், ஆக ஒரு மரத்துக்கு இரண்டு. மச்சான் போகிற பக்கத்தைப் போட்டுக்கொண்டே முன்னால் நடப்பார். பின்னாலேயே இவன் திரும்புகிற பக்கத்தைப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பதினோரு வருஷமாக அப்படித்தான். நகக்கண்ணில் ஒட்டிய மஞ்சள் எந்த சோப்புக்கும் போகாததால் ஊரில் அவனுக்கு மஞ்சக்கை என்றே பெயர் நிலைத்துவிட்டது. மச்சானுக்கு அப்படி எந்தப் பட்டப்பெயரும் கிடையாது. அவர் கையுறை போட்டுக்கொள்வார்.

இந்தப் புதுப் பாதைக்குச் சங்கம் அச்சடித்த துண்டுப் பிரசுரத்தில் ‘எளிய நடை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் தொடங்கி, மூன்று சிற்றூர்களைத் தாண்டி, ஒரு சின்னக் காட்டுக்குள் புகுந்து, மலை முழுசாகத் தெரிகிற மேட்டுக்குப் போய், அங்கே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு, போன வழியே திரும்ப வேண்டியதுதான். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. ஏற்றம் குறைவு. வயதானவர்களுக்கும் ஏற்றது. காட்டுக்குள் மரம் வெட்டுகிறவர்கள் போட்ட வண்டித்தடங்கள் ஏழெட்டு பிரிந்து பிரிந்து போகும், பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும் என்பதை மட்டும் பிரசுரத்தில் போடவில்லை. அதற்குத்தான் குறிகள் இருக்கின்றனவே என்று விட்டுவிட்டார்கள்.

குறி போட வந்த அன்றைக்குக் காலையில், சங்க அலுவலக வாசலில், எல்லோர் முன்னாலும் மச்சான் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். “ரெண்டாங்கிளாஸ் பசங்ககூட இதவிட நேரா போடுவாங்க மாப்ள.” நாலு பேர் சிரித்தார்கள். மச்சான் அதை அந்த நிமிஷமே மறந்திருப்பார். இவன் மறக்கவில்லை. வேலை வாங்கிக் கொடுத்தது மச்சான், குடியிருக்கிற வீடு மச்சானுடையது, மனைவி வாயைத் திறந்தால் எங்கண்ணன் எங்கண்ணன் என்கிற பேச்சுதான். இதில் கோடு வளைந்திருப்பதற்கும் மச்சான் சிரிப்பா என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே காட்டுக்குள் நுழைந்தவன், ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தான். மரத்தின் முதுகை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தான். அப்புறம் எழுந்து சும்மா நடந்து, மேட்டில் மச்சானைப் பிடித்து, “முடிச்சாச்சு” என்றான். வழக்கமாக மச்சான் சரிபார்ப்பதற்காகவே திரும்பி நடப்பார். அன்றைக்கு நல்ல மழை. மேட்டின் அந்தப் பக்கத்து லாரிச் சாலையில் சங்கத்து வேன் வந்து நின்றது. மாப்ள சொன்னால் போதும் என்று மச்சான் ஏறிவிட்டார்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருத்தி சிவப்புக் கம்பளித் தொப்பியும் சாம்பல் நிறக் கோட்டும் போட்டுக்கொண்டு இந்தக் காட்டுக்குள் போனாள். திரும்பவில்லை. தேடப் போனவர்கள் நாயோடு போய்த் தரையைப் பார்த்தார்கள், பள்ளத்தைப் பார்த்தார்கள், குட்டையில் கழி விட்டுப் பார்த்தார்கள். மரத்தின் முதுகை ஒருவரும் பார்க்கவில்லை. அவளுடைய மகள் ஞாயிறு தவறாமல் வந்து பேருந்து நிறுத்தத்தில் அம்மாவின் படத்தைப் புதிதாக ஒட்டிவிட்டுப் போகிறாள். குறிகள் சரியாக இல்லையோ என்று எவனோ பேச்சை எடுத்துவிட, குழுத்தலைவர் என்கிற முறையில் சங்கம் மச்சானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. கூட்டத்தில் எழுந்து நின்று அவர் சொன்னது ஒன்றுதான்: “பின்பக்கம் எங்க மாப்ள போட்டான். போட்டேன்னு எங்கிட்ட சொன்னான். சொன்னான்னா போட்டிருப்பான்.” மஞ்சக்கை அப்போது தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாளைக் காலை பத்து மணிக்கு மேற்பார்வையாளர் வந்து மரம் மரமாகப் பார்க்கப் போகிறார்.

அதனால் முதல் மரத்தில் குறியைப் பார்த்ததும் அவனுக்குத் தோன்றியது இதுதான்: மச்சான் வந்துபோயிருக்கிறார். விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல், தங்கை வீட்டுக்காரன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ரகசியமாக வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கின வேகத்திலேயே அந்த இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. இதிலும் அவர்தானா? ஒரு பொய்யைக்கூட இவனே சரிக்கட்ட முடியாதா? இரண்டாவது மரத்தைச் சுற்றிப் பார்த்தான். இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் மச்சான் நடுவில் ஏதாவது மரத்தை விட்டிருந்தால் நாளைக்குத் தொலைந்தோம் என்ற நினைப்பு அவனை உள்ளே இழுத்தது. காட்டுக்குள் மொத்தம் நாற்பத்தொரு மரம். எண்ணிக்கொண்டே நடந்தான்.

மத்தியானம் இரண்டரை மணி வெயில், பைன் மரங்களுக்கு நடுவே சரிவாக இறங்கி, உதிர்ந்த ஊசியிலைகளின் மேல் கோடு கோடாகக் கிடந்தது. காலடியில் அந்த இலைகள் மெத்தென்று அமுங்கின. பின்னால் மூன்றாவது ஊரின் சத்தங்கள், பம்ப்செட் ஓடுவதும், கடைசி வீட்டுப் பால்காரம்மா கேன்களைக் கழுவிக் கவிழ்ப்பதும், எங்கோ ஒரு நாய் சும்மா குரைப்பதும், ஒவ்வொன்றாகத் தேய்ந்து நின்றுபோயின. வரும்போது அந்தப் பால்காரம்மா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “என்ன மஞ்சக்கை, ஒத்தையா வந்திருக்க? மச்சான் இல்லாம உனக்கு வழி தெரியுமா?” என்று வம்புக்கு இழுத்தாள். “எல்லாம் தெரியும், உன் வேலையப் பாரு” என்று சொல்லிவிட்டு வந்தான். அது இப்போதும் மனதில் குத்திக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாவது மரத்தில் குறியைத் தொட்டுப் பார்த்தபோது விரல் லேசாக ஒட்டியது.

வேலைக்காரன் என்பதால் அவனுக்குக் கணக்குத் தெரியும். இந்தப் பெயின்ட் நாலு மணி நேரத்தில் காயும். பிசுபிசுப்பு இருந்தால் போட்டு இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. பதினைந்தாவது மரத்தில் விரலில் மஞ்சள் வந்தது. இருபதாவதில் குறியின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு, மரப்பட்டையின் வெடிப்பில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் மச்சான் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், கூப்பிடு தூரத்தில்.

“மச்சான்!”

குருவிச் சத்தம்கூட இல்லை. காட்டுக்குள் வந்ததிலிருந்தே ஒரு பறவைச் சத்தமும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெயின்ட் வாடைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. நனைந்த கம்பளியை நாள் கணக்கில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் வருமே, அந்தப் புழுங்கின வாடை. எங்கிருந்து வருகிறது என்று மூக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டான். பிரஷ் மரப்பட்டையில் இழுபடுகிற சத்தம். மேலிருந்து கீழே ஒன்று, பக்கத்தில் இன்னொன்று, நடுவே நிரப்புகிற சின்னச் சின்ன இழுப்புகள். பதினோரு வருஷமாகக் காதோடு கிடக்கிற சத்தம், தப்பவே தப்பாது. அடுத்த மரத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவன் வேகமாக நடந்து போய்ப் பார்த்தான். ஒருவரும் இல்லை. குறி மட்டும் ஈரமாக மின்னியது. சத்தம் இப்போது அதற்கடுத்த மரத்துக்குப் பின்னால் கேட்டது.

“மச்சான், விளையாடாதீங்க. நான்தான்.”

பிரஷ் நின்றது. டின்னின் விளிம்பில் வைத்து அதை இரண்டு தடவை வழிக்கிற சத்தம் கேட்டது. திரும்பவும் இழுபட ஆரம்பித்தது. மச்சான் அப்படி வழிக்க மாட்டார். அவர் ஒரு தடவைதான் வழிப்பார். இப்படி இரண்டு தடவை வழிக்கிற பழக்கம் யாருக்கு என்று யோசித்தான். அது அவனுடைய பழக்கம்.

ஓடியிருக்கலாம். அப்போது அவனுக்கு வழி தெரியும். ஆனாலும் அவன் ஓடவில்லை. நாளைக் காலை பத்து மணி அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. முப்பது. முப்பத்தைந்து. எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனான், சொந்தக் குரலாவது துணைக்கு இருக்கட்டும் என்று. நாற்பத்தொன்றாவது மரத்தோடு காடு முடிந்து, வெளிச்சமான மேடும், பெஞ்சும், அதற்கு எதிரே மலையும் வர வேண்டும்.

நாற்பத்தொன்று வந்தது. காடு முடியவில்லை.

முன்னால் இன்னும் மரங்கள், நெருக்கமாக, வரிசை வரிசையாக, வெளிச்சத்தின் ஒரு கீற்றுகூட இல்லாமல். எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று நினைத்தான். அடுத்த மரத்தில் மச்சான் போட்ட பழைய குறியைத் தேடினான். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. போதும். எக்கேடோ கெட்டுப் போகட்டும், மேற்பார்வையாளர் வந்து பார்த்துக்கொள்ளட்டும். அவன் திரும்பினான்.

திரும்பியதும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஏனென்றால் இப்போது திரும்புகிறவர்களுக்கான குறிகள் நேராக அவன் முகத்துக்கு எதிரே இருந்தன. மஞ்சளாக, ஈரமாக, ஒரு மரத்தில் நின்றால் அடுத்த மரம் தெரிகிற மாதிரி. போட்டது யாராக இருந்தால் என்ன, வேலை சுத்தம். அவன் முதல் குறியிடம் போனான். அங்கிருந்து இரண்டாவதிடம். மூன்றாவது. நாலாவது. கால்கள் பழகின வேகத்துக்கு வந்தன. ஏழாவது மரத்தைத் தாண்டும்போது ஏதோ நினைப்பில் தலையைத் திருப்பி அதன் மறுபக்கத்தைப் பார்த்தான். மச்சானின் குறி அங்கே இருக்க வேண்டும்.

வெறும் பட்டை.

முந்தின மரத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். அதிலும் வெறும் பட்டைதான். இது அவர்கள் பாதை மரம் இல்லை. இந்த மரத்தை அவன் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. தலையைத் தூக்கினான். மரங்களின் இடைவெளியில், எதிரே, உச்சியில் பனியோடு மலை தெரிந்தது. ஊருக்குத் திரும்புகிறவனுக்கு மலை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அது முன்னால் நின்றது. காலுக்குக் கீழே தரையும் இறங்கவில்லை, ஏறிக்கொண்டிருந்தது.

செல்போனை எடுத்தான். சிக்னல் இருந்தது. மணி நாலரை. யாரைக் கூப்பிடுவது என்பதில் சந்தேகமே வரவில்லை, அதுதான் கேவலம். ஆபத்தென்றால் அவனுடைய கை தானாக ஒரே ஆளைத்தான் தேடும்.

“மாப்ள? என்ன, பல்லு புடுங்கியாச்சா?” மச்சானின் குரலுக்குப் பின்னால் டீவி ஓடியது.

“மச்சான், நீங்க எங்க இருக்கீங்க?”

“வேலையில்லாதவன் எங்க இருப்பேன்? வீட்டுலதான்.”

“காட்டுப் பக்கம் வந்தீங்களா? இன்னைக்கு? நேத்து?”

“பாதையில காலடி வைக்கக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க. நான் ஏன் வரேன்?” டீவி சத்தம் நின்றது. “நீ எங்க இருக்க?”

“காட்டுல. நாளைக்கு அவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்னு... சும்மாதான்.”

“குரல் ஏன் நடுங்குது? வழி கிழி தப்பிட்டியா?”

எங்கோ பக்கத்தில் பிரஷ் டின்னுக்குள் இறங்கியது.

“மாப்ள,” என்றார் மச்சான். குரலில் சந்தேகம் இல்லை, குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, காய்ச்சல்காரனை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். “பின்பக்கம் நீ போட்டல்ல?”

ஆறு மாதத்தில் அவனை நேராக யாரும் இப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லை மச்சான், நான் போடல, ஆனா இங்க இருக்கு. அவ்வளவுதான். அந்த மனிதர் உடனே, அப்படியே நில்லு, ஒரு அடி நகராத, எந்தக் குறியையும் நம்பாத, நான் ஆளுங்களோட வரேன் என்பார். திட்டுவதைக்கூடப் பிறகுதான் வைத்துக்கொள்வார். மஞ்சக்கைக்கு இதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கூடவே நாளையிலிருந்து மச்சான் தன்னைப் பார்க்கப் போகிற பார்வையும் தெரிந்தது. அவர் கோபப்பட மாட்டார். பாவம் என்று பார்ப்பார்.

“போட்டேன் மச்சான்.”

“அப்புறம் என்னய்யா பயம்? குறியப் பாத்துக்கிட்டே வா. ஒண்ணுக்கிட்ட நின்னா அடுத்தது தெரியும். நான் வேணா வரட்டா?”

“வேணாம். வந்துடுவேன்.”

போனை வைத்ததும் வெறுப்பு பொங்கியது. மச்சான் மேல் இல்லை, தன் மேல்தான். அழுகை வந்தது. அழுதுகொண்டே சுற்றிலும் பார்த்தான். வந்த பக்கம் பார்த்தால் மரங்கள் மொட்டையாக நின்றன. வலப்பக்கமும் இடப்பக்கமும் மொட்டை. குறி இருந்த திசை ஒன்றுதான். எதிரே. மேலே. மலையைப் பார்த்து.

நடந்தான்.

பத்து மரம். இருபது. எண்ணுவதை விட்டான். குறிகள் இப்போது சொட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அவன் போய்ச் சேரும் நொடியில்தான் முடிக்கப்பட்டிருந்தது. கம்பளி வாடை தொண்டையில் ஒட்டியது. தோள்பையை எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் மனம் வரவில்லை.

மரங்கள் நின்றுவிட்டன.

புல்வெளி. சின்னதுதான். எதிரே மலை, அடியிலிருந்து நுனி வரை, சாயங்கால வெயிலில் சிவந்து. பிரசுரத்தில் இருந்த அதே மலை. பெஞ்ச் இல்லை. அடுத்த குறியைத் தேடினான். மரமே இல்லாத இடத்தில் குறி எங்கே இருக்கும்?

இருந்தது.

பத்து அடி தள்ளி. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. மஞ்சளாக. ஏதோ ஒல்லியான மரம் என்று நினைத்தான். சாம்பல் நிற மரம்.

கோட்டு. கோட்டுக்கு மேலே சிவப்புத் தொப்பி.

“நர்ஸம்மா?”

அவள் மலையைப் பார்த்து நின்றாள். இரண்டு தோளுக்கும் நடுவே, முதுகில், உள்ளங்கை அகலத்தில், ஒரு சாண் உயரத்தில் குறி. தோளின் மேல் ஊசியிலைகள் உதிர்ந்து கிடந்தன. தொப்பிக்கும் காலருக்கும் இடையே சிலந்தி வலை கட்டியிருந்தது. காலணியைப் பாசி மூடியிருந்தது. செத்து நிற்கிறாள் என்றுதான் நினைத்தான். அப்போது தோள் லேசாக ஏறியது. இறங்கியது.

மூச்சு.

அவளைத் தாண்டி இன்னொரு முதுகு. கைத்தடியோடு ஒரு கிழவர். அவரைத் தாண்டி ஒரு பெண், முதுகுப்பையோடு. குறி பையின் மேல் இருந்தது. அவளைத் தாண்டி இரண்டு பேர், கையைக் கோத்துக்கொண்டு, ஆளுக்கொரு குறியோடு. அதற்கப்பால் இன்னும். ஒரு முதுகின் பக்கத்தில் நின்றால் அடுத்த முதுகு தெரிகிற மாதிரி, மலையை நோக்கி ஒரே வரிசை. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்தது ஒரு படம்தான். மற்றவர்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. தனியாக வந்து, தனியாக நடந்து, காணாமல் போனதுகூடத் தெரியாமல் போனவர்கள். எத்தனை பேர் என்று அவன் எண்ணப் பார்த்தான். முடியவில்லை. ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமைகள். எளிய நடை.

ஒரு அடி வைத்து நர்ஸம்மாவின் பக்கவாட்டில் வந்தான். கன்னத்தில் காய்ந்த கண்ணீர்த் தடம். உதடு அசையவில்லை. கண் மட்டும் திரும்பியது. அவனைப் பார்த்தது. அவனைத் தாண்டி, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது. விரிந்தது.

டின்னின் விளிம்பில் ஒரு தடவை. இரண்டு தடவை.

ஓடு. ஓடு. கால் கேட்கவில்லை.

முதுகில் ஜில்லென்று பட்டது. சட்டை வழியாக, தோலின் வழியாக, எலும்பு வரை. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. பக்கத்தில் இன்னொன்று. நடுவே நிரப்புகிற சின்னச் சின்ன இழுப்புகள். அவசரமே இல்லை. மூலைகளைத் தனியாகச் சரிசெய்தது. இவ்வளவு நேரான குறியை அவன் பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

முடிந்தது. கழுத்து அசையவில்லை. வாய் திறக்கவில்லை. கண் மட்டும் இருந்தது. கண் முன்னால் மலை இருந்தது.

வெயில் அடிவாரத்திலிருந்து மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறியது.

அப்புறம், ரொம்ப நேரம் கழித்து, பின்னால் காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். மூச்சிரைக்க, உற்சாகமாக. போனில் தங்கையோடு பேசிக்கொண்டே வருகிற குரல்.

“அழாதம்மா, ஒண்ணும் ஆகியிருக்காது. வரவேணாம்னு சொன்னான், எனக்குத்தான் மனசு கேக்கல. பால்காரம்மா அவன் உள்ள போனதப் பாத்திருக்கு.” காலடி நின்றது. மரத்தைச் சுற்றி வந்தது. “இந்தா, இதுலயும் பின்பக்கம் குறி இருக்கு. நல்லா நேரா போட்டிருக்கான். ஊரே பேசிச்சு, நான் சொன்னேன்ல? போட்டேன்னு சொன்னான்னா போட்டிருப்பான்.”

மஞ்சக்கை கத்தினான். சத்தம் எதுவும் வரவில்லை. கன்னத்தில் ஒரு சொட்டு மட்டும் இறங்கியது.

“வழி ஒண்ணும் தப்பாதும்மா,” என்றார் மச்சான், மரங்கள் முடிகிற இடத்துக்கு வந்து. “அதோ, அடுத்த குறி தெரியுது.”

அவருடைய காலடி புல்லில் இறங்கியது. அதற்கு இரண்டடி பின்னால், பிரஷ் டின்னுக்குள் இறங்கியது.